குளம் வான் பாய்ந்த பகிடி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, இவன் ஒளித்துப் போட்டான் என்று சொல்லக்கூடாது. என் மனைவி நான்கைந்து வருடமாக என் பகிடிகளுக்குச் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். நான் கதிரையில் சாய்ந்து ஒரு கதையைத் தொடங்கினால் போதும், அடுப்பில் எதுவோ கரிகிற மாதிரி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். என் பகிடிகள் பழசாகிவிட்டன, அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். மனிசி சிரிக்கவில்லை என்றால் மனிசிக்கு என்ன என்று கேட்பார்கள். நான் என் சரக்குக்கு என்ன என்று யோசித்தேன். கைத்தொலைபேசியில் வருகிற பகிடிகளை ஒரு கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். ஐம்பத்தேழு வயதில், சோதனைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி, வயல் வரம்பில் நடந்து நடந்து சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வயல்காரர் எனக்கு மந்திரம் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தார்.

என்னை ஊரில் நெல்லால் அறிந்தவர்கள் குறைவு, வாயால் அறிந்தவர்கள்தான் அதிகம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்துக் காடு வெட்டியவர். அந்தக் காணியில் மூன்று ஏக்கர் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஆனால் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தண்ணீர்ப் பங்கீட்டுக்குச் சண்டை முற்றினால், தலைவர் என் பக்கம் திரும்பி, "அண்ணை, ஒரு கதை சொல்லுங்கோ" என்பார். நான் சொல்வேன், சண்டை ஆறும். செத்தவீடுகளில்கூட, பின்வளவில் கதிரை போட்டிருக்கிற இடத்தில் எனக்கென்று ஒரு கதிரை இருக்கும். இப்படிப் பழகியவனுக்கு ஒரு வருத்தம் பிடிக்கும். சிரிக்காத ஆளைக் கண்டால், அந்த ஆளைத் தோற்கடிக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கு அந்த ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

இதை எழுத அவள் உத்தரவு தந்திருக்கிறாள். பேர் போடக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. தன்னை நல்லவளாக்கிக் காட்டக்கூடாது என்பது இரண்டாவது. என்னைப் பற்றி நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. அதிலிருந்தே விளங்கிக்கொண்டேன்.

இளைய மகளைப் பொம்பிளை பார்க்க ஓமந்தைப் பக்கமிருந்து ஆட்கள் வந்த நாளில் நடந்தது இது. பிள்ளைகள் இருவரும் ஏற்கனவே பேசிப் பிடித்துத்தான் இருந்தார்கள். என்றாலும் முறைக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன், தாய், ஒரு மாமி. முன் விறாந்தையில் எல்லோரும் முழங்காலில் கை வைத்து இறுக்கமாக இருந்தார்கள். அந்த இறுக்கத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்குமா? நான் இவளைப் பொம்பிளை பார்க்கப் போன கதையை எடுத்துவிட்டேன். சிநேகிதனிடம் இரவல் வாங்கிய காற்சட்டை, இடுப்புக்கு இரண்டு சுற்றுப் பெரிது. உள்ளே சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு போனேன். இவளின் தகப்பனைக் கண்டதும் மரியாதைக்கு எழும்பினேன், கயிறு எழும்பவில்லை. மனிசன் முகத்தைத் திருப்பாமல், குரலை உயர்த்தாமல், "தம்பி, அதை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு இருங்கோ, தேத்தண்ணி வருது" என்றார்.

வந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் நான் பார்த்தது அவர்களை அல்ல. கதவடிக் கதிரையில் இருந்த என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை அன்றைக்குக் குசினிக் கதவு நீக்கலால் பார்த்தவள் அவள்தானே. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வருடக்கணக்கில் முயன்று பார்த்த பூட்டுத் திறந்த மாதிரி இருந்தது எனக்கு. விட்டேனா? காற்சட்டை மிச்சத்தையும் சொன்னேன்.

திடீரென்று அவள் சிரிப்பு நின்றது. முகம் வெளுத்தது. கை நீண்டு, பக்கத்து ஸ்ரூலில் இருந்த தண்ணீர்ச் சாடியைத் தொட்டது. சாடி முழுதாக அவள் மடியில் சரிந்தது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் துவாய் எடுத்துக் கொடுத்திருப்பான். மாரியில் குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீரை வெளியே விட வான் கதவுகளைத் திறக்கும்போது, ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் அறிவிக்கும் அல்லவா? நான் கையைக் குவித்து வாயில் வைத்து அந்தக் குரலில் அறிவித்தேன். "குளம் வான் பாய்கிறது. தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்."

மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையிலிருந்து விழாத குறை. என் மனைவி எழும்பினாள். எழும்பிய உடனே திரும்பிக் கதிரையைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஒருவரையும் பார்க்காமல் உள்ளே போனாள். கதிரைக் குசன் நனைந்துவிட்டதே என்ற கவலை என்று நினைத்தேன். அந்தப் பார்வை நெடுகலும் என் கண்ணில் பட்டதுதான். எங்கே இருந்து எழும்பினாலும் அவள் கதிரையைத் திரும்பிப் பார்ப்பாள். சிக்கனக்காரி, எதையாவது விட்டுவிட்டுப் போகிறேனோ என்று பார்க்கிறாள் என்று அதற்கும் ஒரு பகிடி வைத்திருந்தேன்.

சம்பந்தம் சரிவந்தது. அந்தப் பகிடியும் சரிவந்தது. சங்கக்கடையில் சொன்னேன், நெல் ஆலையில் சொன்னேன், அவளின் தங்கச்சி மல்லாவியிலிருந்து வந்தபோது அவளுக்கும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கிக் குரலை இன்னும் கொஞ்சம் மெருகாக்கினேன். அவள் பக்கத்தில் இருக்கும்போதே குறைந்தது இருபது தரம் சொல்லியிருப்பேன். சம்மந்திக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது. தொலைபேசி எடுத்தால் சுகம் கேட்பதற்கு முதல், "குளம் எப்பிடி?" என்றுதான் கேட்பார்.

கலியாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஒரு காலை, அரிசி களைந்துகொண்டே மனைவி சொன்னாள்: "மணவறையிலை உங்கட அண்ணையையும் அண்ணியையும் இருத்துங்கோ. நான் இருக்கேல்லை."

எங்களில் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது தகப்பன் கையில் தாய்தான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குத்தான் வேறு சோடியை இருத்துவார்கள். உயிரோடு, திடகாத்திரமாக, முன்வரிசையில் ஒருத்தி இருக்க, அந்த இடத்தில் அண்ணி இருந்தால் சனம் என்ன சொல்லும்? மகள் அழுதாள். தாய் இருக்காத மணவறையில் தான் ஏறுவதில்லை என்றாள். மனைவி அதற்கும் அசையவில்லை. காரணமும் சொல்லவில்லை.

எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. எனக்கு எல்லாம் உடனே விளங்கும், அதுதான் பிழை. மணவறையில் நான் ஏதாவது பகிடி விட்டு மானத்தை வாங்கிவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ஐயர் மந்திரம் முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன், வேண்டுமானால் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றேன். அவள் கையிலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "எல்லாம் உங்களைப் பற்றித்தானோ?"

இப்போது எழுதும்போது ஒவ்வொன்றாய் முன்னால் வந்து நிற்கிறது. கோயிலுக்கு வந்தால் உள்ளே வராமல் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவாள். பிள்ளையாரோடு கோபமோ என்று கேட்டேன். மல்லாவிக்குப் பேருந்தில் போவதென்றால் முதல்நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். ஒட்டகம் என்று பேர் வைத்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கும்போது மெதுவாகப் போகச் சொல்லித் தோளைப் பிடிப்பாள். நான் வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டுத் தூக்கிப் போடுவேன். அவள் முதுகில் குத்துவாள். நான் அதைக் கொஞ்சல் என்று நினைத்து அடுத்த பள்ளத்தைத் தேடுவேன்.

சாரங்களின் கதையையும் சொல்லவேண்டும். ஒரு வருடத்தில் நான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரங்கள் ஆறு காணாமல் போயின. பக்கத்து வீட்டு நாயில் எனக்குச் சந்தேகம். அந்த நாயைப் பின்தொடர்ந்து ஒரு பின்னேரம் முழுக்கத் திரிந்திருக்கிறேன். நாய் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அண்ணியை இருத்தச் சொன்ன அந்தக் கிழமையில் ஒருநாள், குளியலறைக்குப் பின்னால் முருங்கைக்கும் வேலிக்கும் இடையில் கட்டிய கொடியில் என் சாரத்தைக் கண்டேன். கை அகலத்துக்கு மடித்து, சுற்றிவரத் தைத்து, பதினான்கு துண்டுகளாய்க் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படித் துணி தைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பதினான்கு அடுப்படித் துணி எதற்கு என்று நினைக்கவில்லை.

அடுத்த நாள் குடும்பநல மாது வந்தா. பக்கத்து வீட்டுப் பிள்ளை கர்ப்பிணி. பார்க்க வருகிறபோது ஸ்கூட்டியை எங்கள் வேப்பமர நிழலில்தான் விடுவா. எங்கள் மகளைவிடப் பத்து வயது மூத்தவா, கெட்டிக்காரி, என் பகிடிக்கு நன்றாகச் சிரிப்பவா. நாயைத் தொடர்ந்த கதையை நடித்துக் காட்டினேன். சிரித்தா. "கடைசியிலை பாத்தா மிஸ், என்ர சாரம் பதினாலு குட்டி போட்டிருக்கு" என்று கொடியைக் காட்டினேன்.

அவா சிரிக்கவில்லை. கொடியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிரஷர் பார்க்கிற கருவியைப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னா: "அண்ணை, சந்திக் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வாங்கோ. ஆறுதலா வாங்கோ."

ஆறுதலாகத்தான் வந்தேன். கடையடியில் இருவருக்கு வான் பாய்ந்த கதையையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் குசினிப் படியில் இருந்தார்கள். மனைவியின் கண் வீங்கியிருந்தது. மாது எழும்பி, சோடாவை வாங்கிப் படியில் வைத்துவிட்டு, அக்கா என்னோடு கதைப்பா என்றும், அதுவரை என்னை வாய் திறக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனா.

மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சிரிச்சா சலம் போகுது. இருமினாப் போகுது. வாளி தூக்கினாப் போகுது. அண்டைக்கு அவையின்ரை முன்னாலையும் போயிட்டுது. அதுதான் தண்ணியை ஊத்தினனான்."

சாடி தானாகச் சரியவில்லை, சிறுநீரை மறைக்க அவளே சரித்திருக்கிறாள். அந்த விறாந்தை, அந்தச் சாடி, கையைக் குவித்துக்கொண்டு நின்ற நான். என் குரலே என் காதில் கேட்டது. பதினான்கு துண்டும் விளங்கியது. ஒட்டகமும் விளங்கியது. கோயில் வாசலும் விளங்கியது. அந்த நிலையில் உள்ளே போவது சரியில்லை என்று அவள் தானாகவே தனக்கு ஒரு துடக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அக்கினி வளர்த்த மணவறையில் மணிக்கணக்காக அப்படி எப்படி இருப்பது? மகளைத் தாரை வார்க்கிற தண்ணீரை அந்தக் கையால் எப்படி ஊற்றுவது? மாதிடம் அதைத்தான் கேட்டாளாம். "அம்மனும் பொம்பிளைதானே அக்கா" என்றிருக்கிறா மாது. அதற்குத்தான் அழுதாளாம், நோயை நினைத்து அல்ல.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னாப் பகிடியாக்கிப் போடுவியள்." சோடாப் போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு, "சொல்லாமலே ஆக்கிப் போட்டியள்."

அந்தக் கிழமையே மாது சொன்ன நாளில் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளமெல்லாம் பார்த்து, கலியாண ஊர்வலம் மாதிரி ஓட்டினேன். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். அங்கே சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் எடுத்தார்கள், கிருமி இருக்கிறதா என்று சலம் எடுத்தார்கள். இரண்டும் இல்லை. பெரியாசுபத்திரிக்குக் கடிதம் தந்தார்கள்.

ஆசுபத்திரியில் பெண் நோயியல் வைத்தியர் அவளைச் சோதித்த பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டா. அவா ஆறுதலாய்ச் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். சிரிப்பு, இருமல், பாரம் தூக்குதல் இவற்றால் போவது ஒரு வகை. அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, கக்கூசுக் கதவு திறப்பதற்குள் போவது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். என் மனைவிக்கு முதலாவது. கீழே சலப்பையைத் தாங்கி நிற்கிற தசை தளர்ந்திருக்கிறது. அதற்கு முதல் மருந்து மருந்தல்ல, பயிற்சி. இரண்டாவது வகை என்றால் நேரம் வைத்துப் போகப் பழக்குவார்களாம், தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறதாம். கர்ப்பப்பை கீழே இறங்கியவர்களுக்கு உள்ளே வைக்க ஒரு வளையம் உண்டாம். பயிற்சி மூன்று நான்கு மாதம் ஒழுங்காகச் செய்தும் சரிவராவிட்டால் தாங்கு நாடா வைத்துச் செய்கிற சத்திரசிகிச்சை இருக்கிறதாம், அதைப் பிறகு யோசிக்கலாம் என்றா. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தது பிழை, சலம் கடுமையாகி இன்னும் அந்தரப்படுத்தும். குறைக்க வேண்டியது தேத்தண்ணியை. மலச்சிக்கல் கூடாது. பாரம் தூக்குவதைக் கொஞ்சக் காலத்துக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த வேறு ஆளைப் பார்த்தா.

எத்தனை பிள்ளை, எப்படிப் பிறந்தது என்று வைத்தியர் கேட்டபோது, மூன்று என்று சொல்லிவிட்டு மனைவி கடைசிப் பிள்ளையின் கதையைச் சொன்னாள். எனக்கு நிலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்த காலம். பிள்ளை பெரிய பிள்ளை, ஒன்றரை நாள் வலி. பெற்று ஆறாம் நாள் இவள் தோட்டத்துக்கு அந்தப் பக்கக் கிணற்றிலிருந்து இரண்டு கான் தண்ணீர் தூக்கினாள். நான் சைக்கிள் ரியூப் தேடிப் போயிருந்தேன். அந்த நாட்களில் ரியூப் கிடைப்பது பெரிய பாடு, அதனால் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ரியூப் காலையிலேயே கிடைத்துவிட்டது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. மிச்ச நேரம் ஒரு மரத்தடியில் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயத்தான் கொட்டிலுக்கு வந்தேன். இதை ஒரு காரணத்தில் மட்டும் கட்டேலாது, பிள்ளைப்பேறு, வயது, பாரம் எல்லாம் சேர்ந்ததுதான் என்றா வைத்தியர். நல்ல மனிசி. நான் எனக்குரிய பங்கை எடுத்துக்கொண்டேன்.

உடற்பயிற்சி சிகிச்சையாளர் பயிற்சியைக் காட்டிக் கொடுத்தா. சலத்தையும் காற்றையும் அடக்குகிற மாதிரிக் கீழே இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை விட வேண்டும். பத்துத் தரம். ஒரு நாளைக்கு மூன்று முறை. மூச்சைப் பிடிக்கக்கூடாது. யாருக்கும் தெரியாமல் எங்கேயிருந்தும் செய்யலாம். எண்ணுவது என் மனைவிக்குச் சரிவரவில்லை, நடுவில் கறி ஞாபகம் வந்துவிடுகிறது. அவள் வேறு வழி பிடித்தாள். மத்தியானம் வானொலியில் மரண அறிவித்தல் போகும். "அன்னாரின் அன்பு மகளும்" என்னும்போது இறுக்குவாள், "பாசமிகு தாயாரும்" வரை பிடிப்பாள், "மாமியாரும்" என்னும்போது விடுவாள். மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று போகிற பெரிய குடும்பமென்றால் ஒரே அறிவித்தலில் மூன்று தரம் முடிந்துவிடும்.

ஒருநாள் வானொலியை நிற்பாட்டிவிட்டுச் சலித்துக்கொண்டாள்: "இண்டைக்குச் செத்த ரெண்டு பேரும் கலியாணமே கட்டேல்லை. என்ர பயிற்சி காணாது."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. முப்பது வருடமாக வீட்டில் பகிடிக்காரன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு இடம் விட்டால்தானே?

நான் தண்ணீர் தூக்கினேன், விறகு தூக்கினேன், நெல் மூட்டை தூக்கினேன். முக்கியமாக, வாயை மூடினேன். அவளைச் சிரிக்க வைக்கக்கூடாது என்று எனக்கு நானே ஊரடங்கு போட்டேன். வீடு செத்தவீடு மாதிரி ஆனது. அப்பாவுக்கு ஏதும் வருத்தமோ என்று மகள் தாயிடம் கேட்டாள். மூன்றாவது கிழமை மனைவிதான் அதற்கு ஒரு வழி சொன்னாள். இருமல், தும்மல், சிரிப்பு வருவதற்குச் சற்று முதலே இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்று சிகிச்சையாளர் சொல்லியிருக்கிறாவாம். ஆகவே நான் பகிடி சொல்லலாம், முதலே அறிவிக்கவேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரயில் கடவை முறை. நான் கையைத் தூக்கி, "பகிடி ஒண்டு வருது" என்பேன். அவள் அகப்பையை வைத்துவிட்டு, நிமிர்ந்து, கீழே இறுக்கி, இடது கைச் சுட்டுவிரலை லேசாக உயர்த்துவாள். கேற் பூட்டியாயிற்று, ரயில் வரலாம். இப்படி வாசலில் மணியடித்து வரவேற்கிற பகிடியில் என்ன உயிர் இருக்கும்? கொப்பியில் எழுதி வைத்திருந்ததில் முக்கால்வாசி கடவையிலேயே செத்துப் போயின. விரலை உயர்த்திக்கொண்டு அவள் காத்திருப்பாள். நான் சொல்லி முடிப்பேன். "முடிஞ்சுதோ?" என்று கேட்டு விரலை இறக்குவாள்.

ஒன்றரை மாதம் முடிந்தபோது ஒருநாள் மிளகாய் வறுத்தாள். தும்மல் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக ஆறேழு. அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வந்தவள், "அண்ணியையே இருத்துங்கோ. இது சரிவராது" என்றாள். கூறைச் சேலையின் நிறத்தைப் பற்றிக் கதைக்க வந்து வாசலில் நின்ற மகள் அப்படியே திரும்பிப் போனாள். கொடியில் அன்றைக்கும் பதினான்கு துண்டு. கலியாணத்தைத் தள்ளி வைப்போமா என்று கேட்டேன். அதைச் சீரியசாகத்தான் கேட்டேன், ஆனால் என் வாயிலிருந்து வந்தால் எதுவும் சீரியசாகத் தெரிவதில்லை. அவள் பகிடி என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாது வந்து விசாரித்து, திரும்பவும் சிகிச்சையாளரிடம் போகச் சொன்னா. போய்ப் பார்த்தால், இவ்வளவு நாளும் இவள் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். செத்தவர்களின் மருமக்கள் எல்லோரும் வீண். பலருக்கும் வருகிற பிழைதான் என்று சிகிச்சையாளர் ஆறுதல் சொல்லி, கை வைத்துப் பார்த்துச் சரியாகப் பழக்கி அனுப்பினா.

பிறகு நான் ஒரு களவு வேலை செய்தேன். காலையில் பல் விளக்குகிற சாட்டில் குளியலறைக்குப் பின்னால் போய்க் கொடியில் துண்டுகளை எண்ணினேன். மாரியில் குளத்து நீர்மட்டம் பார்க்கப் போகிறவன் மாதிரி, தினமும். பதினான்கு, பதின்மூன்று, திரும்பப் பதினான்கு. பிறகு பதினொன்று. எட்டு. கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நான்கு. அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள், அண்ணி முன்வரிசையில் இருந்தால் போதுமாம். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுகை வரும், அதையும் நடிப்பு என்பார்கள்.

கலியாண நாளில் மணவறையில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பாதுகாப்புக்குக் கடை நாப்கின் ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி வரவில்லை என்று காலையில் சொன்னாள். ஒரு மணித்தியாலம் போனது, இரண்டு போனது. ஓமப் புகைக்கு இருமல் வந்தபோது விரல் உயர்ந்தது, இறங்கியது. தாரை வார்க்கிற நேரம் வந்தது. மகளின் கை மாப்பிள்ளையின் கையில், என் கை அதற்கு மேலே. மனைவி செம்பைக் கையில் எடுத்தாள். மண்டபம் அமைதியானது.

அப்போது சம்மந்தி எழும்பினார். சடங்குகளை நேர்முக வர்ணனை செய்ய வைத்திருந்த ஒலிவாங்கி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அவர் கெட்ட மனிசன் அல்ல. எவ்வளவோ முறை நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னார். "சம்மந்தி அம்மா, செம்பைக் கவனமாப் பிடியுங்கோ. குளம் வான் பாய்கிறது, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்."

அந்தக் குரல் என் குரல். இடையில் விடுகிற மூச்சுக்கூட என்னுடையது. முந்நூறு பேர் சிரித்தார்கள். கதை ஏற்கனவே தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். மகள் ஒன்றும் அறியாமல் சிரித்தாள். ஐயரும் சிரித்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் உதடு இறுகியிருந்தது, கன்னம் துடித்தது. அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததா, அழுகையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செம்பின் விளிம்பில் இருந்த இடது கைச் சுட்டுவிரல் லேசாக உயர்ந்தது. பிறகு செம்பு சரிந்தது. நூல் பிடித்த மாதிரி, ஒரு துளி அங்கே இங்கே போகாமல், தண்ணீர் என் கையில் விழுந்தது.

சாப்பாட்டு மண்டபத்தில் கடைசிப் பந்தி வரைக்கும் ஒரே கதிரையில் இருந்து ஆட்களை உபசரித்தாள். எழும்பிப் போகும்போது கதிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கதிரை காய்ந்திருந்தது.

அடுத்த நாள் காலை பந்தல்காரர் கம்பு கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்றடியில் கலியாணச் சமையல் கிடாரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்கக்கூடாது என்பதால் அந்த வேலை எனக்கு. அவள் பக்கத்துக் கல்லில் இருந்து வெற்றிலைத் தட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டுகள் காய்கிற கொடியில் அன்றைக்கு இரண்டுதான் கிடந்தன. முழுதாக மாறவில்லை, இன்னும் இரண்டு மாதம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். பகிடி வருகிறது என்று கையைத் தூக்குவது பழகிவிட்டதால் கை தானாக உயர்ந்தது, அவள் விரலும் உயர்ந்தது. பகிடி இல்லை என்று சொல்லி அவளை விரலை இறக்க வைத்தேன்.

பிறகு கிடாரத்துக்குள் பார்த்துக்கொண்டு சொன்னேன். அன்றைக்கு அந்த ஒலிபெருக்கிப் பகிடி விட்டது பிழை, அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அதைவிடப் பிழை என்றேன். முப்பது வருடத்தில் அவளிடம் நான் நேராகக் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பரவாயில்லை விடுங்கோ என்பாள், தெரியாமல்தானே சொன்னீர்கள் என்பாள், ஒரு சின்னச் சிரிப்பாவது வரும் என்று சாம்பல் கையோடு பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவள் தட்டத்தைத் துடைத்து முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"ஓம், பிழைதான்."